ஜன்னலில் காய்ந்த முகம்

இரண்டாம் மாடி அலுவலகத்தின் ஜன்னல்கள் அத்தனையிலும் கண்ணாடி துடைப்பவரின் முகம் காய்ந்து நின்றது, ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். உப்புத் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி விழும் என்பது ஊரறிந்த விஷயம். அந்தப் புள்ளிகள் ஒன்றுகூடி, காதோரத்து நரை பிசகாமல், ஒரே ஆளின் முகமாகக் காய்ந்ததுதான் புதுசு. சிரிக்க வாயெடுத்துப் பாதியில் நிறுத்திக்கொண்ட முகம். அது எந்த நேரத்துச் சிரிப்பு என்று அந்த மாடியில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அங்கே தபால் பிரிவில் வேலை பார்த்த அவருடைய மகள்.

வேலையில் சேர்ந்த புதிதில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் "பில்டிங் மெயின்டனன்ஸ்" என்று சொல்லி வைத்திருந்தாள். முழுப் பொய்யும் இல்லை பாருங்கள், அதுதான் அதில் வசதி. சில மாதம் கழித்து அதே கட்டிடத்தின் ஜன்னல் வேலை அப்பாவுக்கே கிடைத்தது. மகளிடம் மூச்சு விடாமல், ஆச்சரியப்படுத்தலாம் என்று, ஏணியைப் போட்டு நேரே அவள் மேஜைப் பக்கத்து ஜன்னலுக்கு ஏறி வந்தார் மனுஷன். அவளைப் பார்த்ததும் சிரிக்கத் தொடங்கினார். பக்கத்து மேஜைக் கேஷியர், "யாருங்க, தெரிஞ்சவரா?" என்றார். அவள் இல்லையென்று தலையாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்துத் திரையை இறக்கினாள். அன்று சாயங்காலம் வீட்டில் அப்பா வழக்கம்போல அவள் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. வெட்கத்தில் அவள் பாதிச் சோற்றோடு கையைக் கழுவினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஏணியைப் பரணில் ஏற்றிவிட்டு, கீழே நின்றே ஜன்னல் துடைக்க ஒரு நீளக் கம்பு செய்ய உட்கார்ந்தார். அடியில் பழைய ஆன்டெனா குழாய், அதற்குள் போகிற மாதிரி திரைச்சீலைக் கம்பி, அதற்குள் இன்னொன்று, நழுவாமல் இருக்க இணைப்புகளில் சைக்கிள் டியூப் சுற்றல். நுனியில் வண்டி கழுவுகிற பிரஷ். அதில் இரண்டு ஓட்டை போட்டு, தீர்ந்துபோன பேனாக்களின் முனைக்கூட்டைச் செருகித் தண்ணீர் பீய்ச்ச வழி செய்தார். செடிக்கு மருந்தடிக்கும் மோட்டாரை ஒரு தண்ணீர் டிரம்மோடு சேர்த்துத் தள்ளுவண்டியில் கட்டி, அதிலிருந்து ஒரு குழாயைக் கம்புக்குள்ளேயே நுனிவரை ஏற்றினார். முதல் தடவை நிமிர்த்தியபோது கம்பு தூண்டில் மாதிரி வளைந்து அம்மாவின் தலையில் தண்ணீரைக் கொட்டியது. "ஏணிக்கு என்ன கேடு வந்துச்சு உங்களுக்கு?" என்று அம்மா கத்தினாள். "முட்டி வலிக்குதுடி. கீழ நின்னே தொடச்சுக்கலாம்" என்றார் அப்பா. அவருக்கு முட்டிவலி கிடையாது. மகள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கண்ணில் படாமலிருக்கத்தான் இத்தனை பாடு என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் உள்ளே போய்விட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்று, அண்ணாந்துகூடப் பார்க்காமல் கழுவினார். ஒளித்த முகம் மாடி முழுக்க வந்து உட்கார்ந்துகொண்டது. வினிகர் போட்டார்கள், எலுமிச்சை தேய்த்தார்கள், பிளேடால் சுரண்டினார்கள். ம்ஹூம். அப்பா தொப்பியைக் கழற்றாமலே உப்பில்லாத சுத்தத் தண்ணீர் கொண்டுவந்து கழுவினார். முகவாயில் இருந்த மருவும் சேர்ந்து தெரிந்ததுதான் மிச்சம். ஒரு கண்ணாடியை மாற்றிப் பார்த்தார்கள், புதுசிலும் மறுநாளே வந்துவிட்டார். மேனேஜர் குதித்தார், பிறகு ஓய்ந்தார். அந்தக் கட்டிடத்து வேலை அப்பாவின் கையைவிட்டுப் போனது. மாதங்கள் ஓடின. அலுவலகத்தில் அந்த முகத்துக்கு 'ஜன்னல் சார்' என்று பேராயிற்று. தாமதமாக வருகிறவர்கள் மேனேஜருக்கு முன்னால் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். யாருடைய முகம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவள் வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் கேஷியருக்கு விளையாட்டுப் புத்தி வந்து, "மேடம், மார்க்கர் இருக்கா?" என்றார். எதற்கென்று தெரிந்தே எடுத்துக் கொடுத்தாள். அவள் பக்கத்து ஜன்னலில் இருந்த முகத்துக்கு முறுக்கு மீசையும் நெற்றியில் இரண்டு கொம்பும் வரைந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஒரு பங்கு அதிகமாகவே சிரித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அப்பா பின்பக்கக் குழாயடியில் குனிந்து முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சோப்பு நுரைக்கு அடியில் கறுப்பாக முறுக்கு மீசை, இரண்டு கொம்பு. "எந்தக் கூத்துக்குப் போயிட்டு வர்றீங்க?" என்றாள் அம்மா. "வேலையில பெயின்ட் பட்டுருச்சு" என்றார். பிறகு மகள் துண்டோடு நிற்பதைப் பார்த்து, அவசரமாக, "உங்க ஆபீஸ் பக்கம் நான் வரவே இல்லம்மா இன்னிக்கு" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவளுக்கு.

மறுநாளும் மை போகாமல் அவர் துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். அவள் எல்லோரும் வந்து உட்காரும்வரை காத்திருந்தாள். பத்து மணிக்குக் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்து, ஜன்னலில் கொம்பை முதலில் துடைத்தாள், அப்புறம் மீசையை.

"விடுங்க மேடம், நல்லாத்தானே இருக்கு. உங்களுக்கென்ன?" என்றார் கேஷியர்.

"எங்கப்பாங்க அது. கண்ணாடி துடைக்கிறவர். அன்னிக்கு யாருன்னு கேட்டீங்கல்ல, தெரியாதுன்னேன். மார்க்கரும் நான்தான் குடுத்தேன்."

அவளுக்குக் காதெல்லாம் எரிந்தது. கேஷியர் மேஜையில் இல்லாத எதையோ தேடினார். மை போய்விட்டது, முகத்தில் சிரிப்பு மட்டும் பழையபடி பாதியிலேயே நின்றது. அதற்கு ஈரத்துணி போதாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் மறுநாளும் பத்து மணிக்கு அந்த முகத்தில் தூசி துடைத்தாள், அதற்கு மறுநாளும். வருஷக்கணக்கில் அதுவே வழக்கமாயிற்று.

வீட்டில் அவர் காலையில் பல்லை மட்டும் விளக்கிவிட்டுக் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்புவார். "மூஞ்சிகூடக் கழுவாம போறீங்களே, நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்று அம்மா வாசல்வரை வந்து சத்தம் போடுவாள்.

"பத்து மணிக்கு ஆயிடும்" என்பார் அவர்.