ஒரு விரலகல நீலம்

செலஸ்ரீனாவைக் கள்ளி என்று சொல்ல விற்றோரியோவுக்கு ஒரு வானத்தின் நிறம் போதுமாக இருந்தது.

லிபெர்த்தா வீதி வீடொன்றில், படுக்கையில் கிடந்த முதிய சிஞ்ஞோராவை எட்டு வருடம் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, ஊட்டியவள் அவள். சிஞ்ஞோராவின் தமையன் மகன் விற்றோரியோ மிலானிலிருந்து நத்தாருக்கு நத்தார் வாழ்த்து அட்டை அனுப்பியவன். சிஞ்ஞோராவின் அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், படங்களை மதிப்பிடும் கிழவர் ஒருவரோடு வந்து நின்றான். கட்டிலுக்கு எதிரே ஓர் ஆங்கிலேயர் இருநூறு வருடங்களுக்கு முன் வரைந்த ஏரியும் மலையும் தொங்கின. தன் சின்ன வயதில் அந்த வானம் நீலம், இப்போது வெளிறிய ரோசா, அசலை இவள் விற்றுவிட்டாள் என்றான். பொலிஸ் தலைமையகமான கொஸ்தூராவில் முறைப்பாடு கொடுக்கப் போவதாகவும் சொன்னான். அடுத்த மாதம் அவளுடைய பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேண்டும். பொலிஸில் ஒரு முறைப்பாடு இருந்தால் இந்த நாட்டில் இருக்கும் அனுமதியே போய்விடும்.

சந்தையில் மீன்பெட்டி தூக்கும் அவள் புருசன் றோபேட், செய்தி கேட்டு வேலை உடுப்போடு ஓடிவந்து வாசலில் நின்றான். வாசம் அவனுக்கு முன்பே உள்ளே வந்துவிட்டது.

கிழவர் படத்தை இறக்கி, சட்டத்தைக் கழற்றி, ஓரத்தை மூடியிருந்த மட்டையைத் தூக்கினார். அடியில் ஒரு விரல் அகலத்துக்கு, நேற்றுப் பூசியதுபோல நீலம்.

அசல்தான் என்றார். அந்தக் காலத்து ஆங்கிலேயர் முதலில் நிழலையெல்லாம் சாம்பல் மையால் பூசிக் காயவிடுவார்களாம். அதன்மேல் நிறத்தைத் தண்ணீராகக் கரைத்து ஓடவிடுவார்கள். வெள்ளை பூசுவதே இல்லை. ஏரி மின்னும் இடத்தில் தாளை வெறுமனே விட்டுவிடுவார்கள். சாம்பல் நிலைக்கும். அவுரி நீலத்தை வெளிச்சம் தின்றுவிடும், அதோடு கலந்த செம்மண் நிறம் மிஞ்சும். இருட்டு நடைவழியில் இருக்க வேண்டிய படத்தை யன்னலுக்கு நேரே மாட்டியது யார் என்று கேட்டார். பாதி விலைகூடத் தேறாது.

"மனிசிதான் மாட்டச் சொன்னவ எண்டு சொல்லு," என்றான் றோபேட், முகம் அசையாமல். "செத்த ஆள் எழும்பி வந்து மறுக்காது."

"நீர் வாயை மூடும். இது மீன் விக்கிற இடமில்லை."

பிறகு செலஸ்ரீனா இத்தாலிய மொழியில், தான்தான் மாட்டியதாகச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை, வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி கிடக்கப் பொறுக்கவில்லை.

விற்றோரியோ படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அதைப் பார்த்து மாமி என்ன சொல்வா என்று கேட்டான்.

"ஒன்றும் சொல்லமாட்டா. இரண்டு வருடத்துக்கு முந்தியே பேச்சு நின்றுவிட்டது. உங்களுக்குக் கடிதம் போட்டோம்."

கொஸ்தூரா என்ற சொல் அதன்பிறகு அவன் வாயில் வரவில்லை. விரிப்பு எடுத்த கட்டிலில், சிஞ்ஞோரா தலைவைத்த பக்கமாக உட்கார்ந்து, படத்தை ஒருமுறை இருந்த இடத்திலேயே காட்டச் சொன்னான். சட்டமில்லாத அந்தத் தாளை, செலஸ்ரீனா இரண்டு கையாலும் சுவரோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.