கடைசி வெள்ளைக் கட்டம்

மணி மூன்று. ஊர் வரைபடத்தில் நானூற்றுப் பதினோரு கட்டங்கள் பச்சை. ஒன்றே ஒன்று வெள்ளை. தெரு தெரிகிற, எடுத்த இடம் பதிவான, யாரும் இலவசமாக எடுத்தாளக்கூடிய ஒரு புகைப்படம் வந்தால் கட்டம் பச்சையாகிவிடும். மணிக்கூண்டை மட்டும் அறுநூறு பேர் எடுத்துத் தள்ளியிருந்தார்கள். இரண்டு தெரு தள்ளியிருந்த இந்தக் கடைவீதிக் கட்டத்தை ஒருத்தரும் சீண்டவில்லை. ஐந்து மணிக்குள் முழுப் பச்சையாக அனுப்பாவிட்டால் நூலகங்களுக்குப் போகும் தொகுப்பில் இந்த ஊர் இல்லை. வரைபடக்காரியின் ஒன்றரை வருட உழைப்பு அம்போ.

அவள் கிளம்பிப் போய்ச் சேரவே இரண்டரை மணி நேரம் ஆகும். அந்தக் கட்டத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணன். வாங்கின குடத்துக்குப் பைகூடச் சும்மா கொடுக்காத மனுஷர்.

வேறு வழியில்லாமல் அவரையே போனில் கூப்பிட்டுப் படம் கேட்டாள். முதல் படத்தில் இடப்பதிவு இல்லை. கேட்டால், தான் எங்கே இருக்கிறோம் என்பது அண்ணிக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று அந்த வசதியை எப்போதும் அணைத்தே வைத்திருப்பாராம். இரண்டாவது படத்தில் இடம் இருந்தது. கூடவே, அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருந்தது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் எடுத்ததை ஊரான் சும்மா எடுத்துப்பானா? அப்புறம் நான் எதுக்கும்மா கடை வச்சிருக்கேன்?"

படத்தின் கீழே அவர் பெயர் இருக்கும், உலகமே பார்க்கும் என்று அரை மணி நேரம் பேரம் பேசினாள். கடைப் பலகையும் முழுசாகத் தெரியலாம் என்றதும்தான் படிந்தார்.

மூன்றாவது படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. பலகை மூலைக்கு மூலை அடங்கியிருந்தது. இடம் உண்டு, அனுமதி உண்டு. ஏற்றினாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பக்கத்துக் கட்டத்தில்தான் படங்களின் எண்ணிக்கை நாற்பத்தேழிலிருந்து நாற்பத்தெட்டானது.

பலகை முழுசாக விழ வேண்டுமென்று மனுஷர் சாலையைத் தாண்டிப் போயிருந்தார். கட்டத்தின் கோடு ஓடியது சாலை நடுவில்.

"கடை இந்தக் கட்டம்தானே? நான் எங்க நின்னா என்ன?"

"நிக்கிற இடம்தாண்ணா கணக்கு. உங்க படியில நின்னு தெருவை எடுங்க."

இரண்டு பக்கமும் லாரி நின்று சரக்கு இறங்குகிறது, எதிர்ப்பக்கம்தான் தெரிகிறது என்றார். எதிரில் இருந்தது இன்னொரு பாத்திரக்கடை. அந்த முதலாளியோடு பன்னிரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"அவன் கடைக்கு நான் விளம்பரம் எடுக்கணுமா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு ஐம்பத்திரண்டு.

நாலு ஐம்பத்தெட்டுக்குப் படம் வந்தது. எதிர்க்கடைப் பலகை இருக்க வேண்டிய இடத்தில் அண்ணனின் கட்டைவிரல். அதற்குக் கீழே தெரு, ஒரு முக்காலி, அதில் உட்கார்ந்து நேரே முறைத்துக்கொண்டிருந்த எதிர்க்கடைக்காரர். கட்டம் பச்சையானது. வரைபடத்தை அனுப்பினாள். உடனே போன் அடித்தது.

"இதை அவனும் சும்மா எடுத்துக்கலாமா?"

"யாரு வேணாலும் எடுத்துக்கலாம்ணா."

"அப்ப அழிச்சிடு."

"அனுப்பியாச்சுண்ணா," என்று சொல்லிவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.