அழிக்காமல் விட்ட தடம்

கரைவலைக்காரர் அச்சிமுகம்மதுவுக்கு எப்போதுமே மூக்கு நுனியில் கோபம். அன்று அது மூக்கையும் தாண்டிவிட்டது. கோபப்படுவதற்கோ தன்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை.

எண்பத்தொன்றாம் ஆண்டு சாய்ந்தமருதுக் கரையில் தாதுக்காகக் கறுப்பு மணல் அள்ள ஒரு கம்பனி வந்தது. அள்ளினால் ஆமைகளுக்குக் கேடா என்று பார்த்து எழுத, அரசாங்கம் பக்கத்து ஊரான காரைதீவுப் பிள்ளை கனகேஸ்வரியை அனுப்பியிருந்தது. கரை நெடுக நடந்தும் ஒரு தடம்கூட அவள் கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? முட்டைக் கள்ளர் கண்டுவிடக் கூடாதென்று, விடியலில் சுபஹு தொழுத கையோடு தென்னோலையை இழுத்து, இரவில் முட்டையிட ஏறிய ஆமைகளின் தடங்களை அழிப்பது அச்சிமுகம்மதுவின் ஆட்களுக்குப் பழக்கம். அன்றைக்கும் ஒழுங்காக அழித்திருந்தார்கள்.

"ஆமையே இல்லாத கரைக்கு என்ன சோதினை?" என்று கம்பனி மனேஜர் ஸலாஹுதீன் சிரித்தான்.

"தடத்த நாங்கதான் அழிச்ச, மகள். நாளைக்கு வாங்க. அழிக்காம வெச்சிருக்கம்," என்றார் அச்சிமுகம்மது.

"நாளைக்கு மட்டுந்தான் காக்கா. பிறகு நான் எழுதிக் குடுக்கவேணும்," என்றாள் கனகேஸ்வரி. காக்கா என்றால் அந்த ஊரில் அண்ணன்.

மறுநாள் அவர் வலை வளைக்கவில்லை. கீரி மீன் கரையோடு துள்ளிப் போனது. அவருடைய ஆட்கள் முட்டைக் கள்ளர் கைவைக்காதபடி காவலாகத் தடத்துக்கு ஒருவராகக் குந்தியிருந்தார்கள். அன்றைய வருமானமும் மீனோடு போனது. ஆனாலும் அவர் அசையவில்லை.

ஸலாஹுதீன் வந்து பார்த்தான். "பலகைய இழுத்துப் பொய்த் தடம் கீறியிரிக்கானுகள், மிஸ்!"

கனகேஸ்வரி ஒரு தடத்தின் முடிவில் முழங்காலிட்டு, கையால் மண்ணை விலக்கினாள். உள்ளே வெள்ளை வெளேரென்று முட்டைகள். பதமாக மூடினாள்.

"இந்தக் கரையில அள்ளக்கூடாதெண்டு எழுதுவன்."

"எழுதுங்க. அத கொழும்பில பாத்துக்குவம். மெசின் இண்டைக்கே இறங்கும்," என்று ஸலாஹுதீன் கைகாட்ட, கரைக்கு மேலே நின்ற புல்டோசர் உறுமியது.

"வலையத் தூக்குங்கடா!" என்று கத்தினார் அச்சிமுகம்மது.

கரைக்கு இறங்கும் ஒரே பாதையில் கரைவலையைக் குறுக்கே விரித்தார்கள். அத்தனை பேர் வீட்டு உலையும் கொதிப்பது அந்த வலையால்தான். அவர் அதன் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"விலத்துங்க காக்கா, வலை கிழிஞ்சிரும்," என்றான் புல்டோசர் சாரதி றஸாக்.

"கிழிஞ்சா நான் பொத்துவன். நீ தோண்டிப்போட்டா இந்தக் கரைய ஆர் பொத்துற? ஏறு, பாப்பம்!"

றஸாக் எஞ்சினை நிறுத்தி இறங்கினான். "எங்கட வாப்பாவும் வலைதான் இழுத்த. என்னால ஏலா சேர்." சாவியை மனேஜரின் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். மனேஜருக்கு மெசின் ஓட்டத் தெரியாது.

அச்சிமுகம்மது எழும்பவில்லை.

"ஓட்டத் தெரிஞ்ச ஆளக் கூட்டிக்கிட்டு வாங்க மனேஜர். நான் இஞ்சதான் இரிக்கன்."