இன்ஸாஃப் வீட்டின் பதினான்காம் நாள்

எகிப்தின் தமன்ஹூரில் ரயில் பாதைக்குப் பின்னால் உள்ள தெருவில், இன்ஸாஃபின் வீட்டில் மட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை ஏழு ஆண்டுகள் நீடித்தது. தெருவில் ரமலான் வந்து போனது, பெருநாள் வந்து போனது. அவள் வாசலுக்கு உள்ளே செவ்வாய்தான். அன்று காலை காய்ச்சிய பால் திரியவில்லை, பாதி நறுக்கிய தக்காளி வாடவில்லை. ஜன்னலில் வெயில் சாய்ந்தபடியே நின்றது. தூக்கம் வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் முதலில் பயந்தார்கள். பிறகு மிஞ்சிய கீரையைக் கெடாமலிருக்க அவள் அடுப்படியில் கொண்டுவந்து வைத்தார்கள். கர்ப்பிணிகள் மட்டும் உள்ளே அதிக நேரம் உட்காரமாட்டார்கள், பேறு தள்ளிப்போகிறதாம்.

எங்கள் ஊரில் பெண் ஆறாம் வகுப்பு போகும்போதே தாய் சீர் சேர்க்கத் தொடங்கிவிடுவாள். தட்டும் போர்வையும் கட்டிலுக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கும். எந்தப் பெட்டியையும் பிரிக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டுக்கு மேளத்தோடு வண்டியில் போன பிறகு மணப்பெண்தான் பிரிப்பாள். ஆகவே பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்போது அந்தப் பொருளை யாரும் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கடைக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. விதவையான இன்ஸாஃப் தன் ஒரே மகள் ரிஹாமுக்குக் கடைசியாக வாங்கியது துணி துவைக்கும் இயந்திரம், ஹாஜி பஸ்யூனியின் கடையில். வாங்கிய ஒன்பதாம் நாள் ரிஹாம் போன மினி பஸ் கால்வாயில் விழுந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க இன்ஸாஃபுக்கு நெஞ்சு வெடித்தது. பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, அவள் தம்பி சுப்ஹி அதைக் கழுதை வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனான்.

ஹாஜி பஸ்யூனி தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.

"பதினாலு நாளைக்குள்ள கொடுக்கலாம்னு சட்டமே இருக்கு ஹாஜி. பெட்டிகூடப் பிரிக்கல."

"சட்டத்தை யாருப்பா இல்லைன்னா? கணக்கப்பிள்ளை இன்னிக்கு வரல. நாளைக்கு வா தம்பி, அல்லாஹ் நாடினா வாங்கிக்கறேன்."

நாளை பதினைந்தாம் நாள், கெடு முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், கடைக்காரர். சுப்ஹி பெட்டியைத் திரும்ப வீட்டில் இறக்கினான். அந்த வீட்டில் நாளை வரவே இல்லை.

இன்ஸாஃப் அதைக் கண்டுபிடித்தது பாலை வைத்து அல்ல. ரிஹாமின் தலையணையில் அவள் கூந்தல் வாசனை, கிராம்பு எண்ணெயும் வியர்வையும் கலந்தது, குறையவில்லை. மற்றத் துக்க வீடுகளில் அது ஒரு மாதத்தில் போய்விடும். இங்கே போகவில்லை. அதன் பிறகு அவள் பெட்டியைத் திருப்பும் பேச்சையே எடுக்கவில்லை.

ஆனால் சுப்ஹி நுகர்வோர் அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டான். அதிகாரி வந்தார், ரசீதைப் பார்த்தார், பாலை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். கெடு இன்னும் முடியவில்லை, எப்போது கொண்டுவந்தாலும் கடை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதி முத்திரை வைத்தார். ஹாஜி பலகையைக் கழற்றினார். அடுத்தவரின் உரிமையைச் சுமந்துகொண்டு சாகக் கூடாது என்று வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து பெட்டியைக் கேட்டு அவள் வாசலில் வந்து நின்றார். இன்ஸாஃப் கதவை முழுக்கத் திறக்கமாட்டாள்.

"இன்னிக்கு முடியாது ஹாஜி. நாளைக்கு வாங்க."

ஆறாம் ஆண்டு அவர் படுத்தார். வைத்தியர் கைவிட்டார், பிள்ளைகள் கூடினார்கள், கலிமா சொல்லிக் கொடுத்தார்கள். உயிர் போகவில்லை. ஓர் ஆண்டு அப்படியே கிடந்தார். அவர் மகள் நஜாத் இன்ஸாஃபைத் தேடி வந்தாள். மகள் போன பிறகும் ஊருக்கு இன்ஸாஃப் உம்மு ரிஹாம்தான், ரிஹாமின் தாய்.

"அப்பாவுக்கு உயிர் போகமாட்டேங்குது, உம்மு ரிஹாம். முதுகெல்லாம் புண்ணு. உங்ககிட்ட நாளைக்கு வாங்கிக்கறேன்னு சொன்ன வாக்குதான் பாக்கி."

"என் மக கண் மூடித் திறக்கறதுக்குள்ள போயிட்டா."

நஜாத் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கே அவர் வாங்கியிருந்தா எனக்கு இந்த ஏழு வருஷம் கிடைச்சிருக்காது," என்றாள் இன்ஸாஃப். "அதையும் அவர்கிட்ட சொல்லு."

பிறகு உள்ளே போய்த் தலையணையில் முகம் புதைத்துப் படுத்தாள். பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டதும் எழுந்து தம்பியிடம் வண்டி கொண்டுவரச் சொன்னாள். ஹாஜியின் கட்டிலுக்கு அருகில் பெட்டியை இறக்கினார்கள். அவர் அதன் மேல் கை வைத்துப் பார்த்தார், ரசீதில் பெருவிரல் ரேகை வைத்தார், தேநீர் கொதிப்பதற்குள் இறந்தார்.

இன்ஸாஃப் வீடு திரும்பியபோது பால் திரிந்து கிடந்தது. ஏழு ஆண்டு நரை அவள் தலையில் ஒன்றாக இறங்கியிருந்தது. பெண்கள் எதுவும் கேட்காமல் தங்கள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். தலையணையில் பஞ்சு வாசனைதான் இருந்தது.

மறுநாள் ஊருக்கு என்ன கிழமையோ, அவளுக்குப் புதன். தலையணை உறையைக் கழற்றித் தொட்டியில் ஊறப்போட்டு, கையாலேயே கசக்கித் துவைத்து, மொட்டை மாடியில் காயப்போட்டாள். மதியத்துக்குள் அது காய்ந்துவிட்டது.