அம்மாவை வள்ளத்தில் ஏற்றுதல்

1

இந்தக் கதை ஒரு ‘ஓம்’ இலிருந்து பிறந்தது. அந்த ஓமைச் சொன்னவன் நான். எதற்குச் சம்மதம் சொன்னேன் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. குழப்பத்தோடுதான் தொடங்குகிறேன், கோபிக்காதீர்கள்.

தை மாதம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்காபரோவில் எங்கள் அப்பாட்மென்ற் குசினியில் என் அம்மா றோஸ்மேரி, கல்லாய் உறைந்திருந்த பாரைமீன் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, வடக்க ஒருக்கா மீன் பிடிக்கப் போவமே, நீயும் நானும்?”

“ஓம், போவம். கோடை வரட்டும்.”

“வள்ளம் எடுக்கலாமே?”

“வாடகைக்குக் குடுப்பினம்.”

“பாஸ் வேணுமெல்லே?”

“பின்னை? பாஸ் இல்லாமல் பிடிச்சால் விடமாட்டாங்கள்.”

இவ்வளவுதான் பேச்சு. திரும்ப ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஒரு சொல்லாவது இடறுகிறதா?

நான் நினைத்தது சிம்கோ ஏரி. ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியாலக் கார் ஓட்டம். இங்கே ஏரிக்குப் போகிறவர்கள் ‘நோர்த்துக்குப் போறம்’ என்பார்கள், அம்மா அதைத் தமிழில் சொல்கிறார் என்று எண்ணினேன். பாஸ் என்றது மீன்பிடிக்க அரசாங்கம் தரும் அனுமதிச் சீட்டு.

அம்மா நினைத்தது பருத்தித்துறைக்கு அந்தப் பக்கம் கிடக்கிற வடகடல். அந்தத் தை மாதத்தில்தான் ஊரில் சண்டை நின்று பேச்சுவார்த்தை தொடங்கியிருந்தது. மீன்பிடிக்கக் கடலில் இறங்க இனி விடுவார்களாம் என்று தமிழ் ரேடியோவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாஸ் என்றது ஆமியோ இயக்கமோ, துவக்கு வைத்திருப்பவர்கள் தருவது.

(ஒரே வீட்டில் இருக்கிற இரண்டுபேர் இதைக் கிழமைக்கணக்காகக் கண்டுபிடிக்காமல் இருப்பார்களா என்று கேட்பீர்கள். எனக்கு மிசிசாகாவில், விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிற வேலை. நான் வரும்போது அம்மா பூசைக்குப் போய்க்கொண்டிருப்பார். அம்மா வரும்போது நான் நித்திரை. நாங்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் கறிச்சட்டி மூலம்.)

2

இந்தக் கதைக்கு வேறொரு தொடக்கம் இருந்தது. அதை இங்கே ஒட்டுகிறேன்:

[அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வள்ளத்தின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தார். சிம்கோ ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். “உப்பில்லையே தம்பி” என்றார். கடல் அவரை]

‘கடல் அவரை’ என்று ஒரு வசனம் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும். அப்படி எழுதி முடிக்க இந்த ஊரில் நிறையப்பேர் இருக்கிறார்கள். நான் விட்டுவிட்டேன்.

அப்பா எங்கிருந்து வந்தார்? அஜின்கோர்ட்டில் சஞ்சிகை நடத்துகிற தியாகலிங்கம் அண்ணையின் கைங்கரியம் அது. கோடை மலருக்குக் கதை கேட்டார். நானும் அம்மாவும் மீன்பிடிக்கப் போவதைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். “மீன் பிடிக்கப் போற தாயை ஆர் ஐசே நம்புவினம்? தேப்பன் எண்டு எழுதும்” என்றார்.

எனக்கும் அது சரியாகப்பட்டது. என் அப்பா அமிர்தநாதர் அசல் கடல்தொழிலாளி, காய்ச்சலில் போய் எட்டு வருடமாகிறது. ‘அம்மா’ வந்த இடமெல்லாம் ‘அப்பா’ என்று வெட்டி எழுதினேன். சேலை சாரமாயிற்று.*

* ஓரிடத்தில் மாற்ற மறந்துவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் அப்பா கொண்டையை அவிழ்த்து முடிந்துகொள்கிறார்.

3

பிறகு ஒருநாள் பயண முகவர் தொலைபேசியில் வந்தார். உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் கொழும்புக்கு ஆடி மாதம் இரண்டு சீற் பிடித்தாயிற்று, அங்கிருந்து வடக்கே போகிற வழியையும் அம்மாவுக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன், அவ சரியான சந்தோசம் என்றார். நான் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த சிம்கோ ஏரிப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளைக்காரக் குடும்பமொன்று அதில் செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெற்றுடன் சிரித்துக்கொண்டிருந்தது.

விசாரித்ததில், கோயிலில் அம்மா சொல்லாத ஆள் பாக்கி இல்லை. என்ர மோன் ஓமெண்டிட்டான், ஆடியில் சோளகம் வீசும், எங்கட பக்கத்துக் கடல் அப்ப படுத்துக் கிடக்கும் என்று காற்றுக் கணக்குவரை பார்த்துவைத்திருக்கிறார்.

எனக்குப் பயம். பத்தொன்பது வயதில் எந்தெந்தத் தடைமுகாமைக் கும்பிட்டுக் கடந்து வந்தேனோ, அதே வழியால் திரும்பிப் போகப் பயம். நான் போகாவிட்டால் அம்மா தனியாகப் போவார், அதை நினைத்தால் அதைவிடப் பயம். நான் நினைத்த வடக்கு வேறு என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், கதையைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

4

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் எழும்பி வந்தபோது, அம்மா மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் தாள்களை வாசித்துக்கொண்டிருந்தார். கடைசித் தாள்வரை வாசித்தார். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

“இது நான்தானே?” என்றார். “கொண்டை முடியிறது நான்தானே?”

நான் ஆறிப்போன தேத்தண்ணியைக் கையில் எடுத்தேன்.

“ஏன் என்னைக் கொப்பர் ஆக்கினனீ?”

ஆட்கள் நம்ப மாட்டினமாம் என்று தியாகலிங்கம் அண்ணைமேல் பழியைப் போட்டேன்.

“அங்கதான் ஏற விடேல்லை. நீ எழுதின கதையிலயும் என்னை இறக்கிப்போட்டாய்.” தாள்களை அடுக்கி வைத்தார். “கடலையும் மாத்திப்போட்டாய்.”

இதை உங்களுக்கு நான் முன்னமே சொல்லியிருக்க வேண்டும். அம்மா கடல்தொழில் செய்பவரின் மகள், கடல்தொழில் செய்தவரின் மனைவி. கரைவலைக் கயிறு இழுத்தவர், மீன் வெட்டிக் கருவாடு போட்டவர், கடகத்தில் சுமந்து விற்றவர். ஆனால் வள்ளத்தில் கால் வைத்ததில்லை. பெண் ஏறக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அப்பாவும் அதை மீறவில்லை.

சிம்கோவும் நல்ல இடம்தான் அம்மா, அங்கேயும் வள்ளம் இருக்கிறது, நீங்களே முன்னுக்கு இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

“நாப்பது வருசம் கரையில நிண்டு கடலைப் பாத்தனான். கடலில நிண்டு எங்கட கரையை ஒருக்காப் பாக்கவேணும், அவ்வளவுதான். உன்ர சிம்கோவில நிண்டு பாத்தா, தெரியிறது ஆரின்ர கரை?”

5

அப்பாவை எடுத்துவிட்டேன். அம்மாவைத் திரும்ப வைத்துவிட்டேன். இனி முடிவுகள்.

முதலாவது: சிம்கோ. அம்மா முன்பக்கம் இருக்கிறார், தூண்டிலில் ஒரு சின்ன மீன், இருவரும் சிரிக்கிறோம். எழுதி முடித்துவிட்டேன், நன்றாகவும் வந்திருந்தது. ‘ஆரின்ர கரை’ என்ற கேள்வி அதன் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கிழித்துப்போட்டேன்.

இரண்டாவது: அம்மா தனியாகப் போகிறார். விமான நிலையத்தில் அவருடைய பெட்டியை நானே விமானத்தில் ஏற்றுகிறேன். தியாகலிங்கம் அண்ணைக்கு இது பிடிக்கும். எனக்கு எழுதக் கை வரவில்லை.

மூன்றாவது:

[ஆடி மாதம். கடல் படுத்துக் கிடந்தது. வள்ளத்தின் முன்பக்கம் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். கரை]

[அம்மா திரும்பிப் பார்த்தார். எங்கள் கரை அங்கிருந்து]

இதற்கு மேல் போகவில்லை. ஏனென்றால் எங்கள் கரை கடலிலிருந்து பார்க்க எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியாது. பத்து வயதில் அப்பா என்னை ஒருமுறை வள்ளத்தில் ஏற்றினார். கொஞ்சத் தூரம் போகுமுன்பே தலைசுற்றி, சத்தி எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்தட்டில் கிடந்தேன். திரும்பி வந்து வள்ளம் மணலில் முட்டிய பிறகுதான் கண்ணைத் திறந்தேன். அம்மாவுக்குக் கிடைக்காத இடத்தில் இருந்துகொண்டு நான் பார்க்கவில்லை. அதை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

கோயில் சுவர் தெரியுமா? பனை தெரியுமா? கரையில் நிற்கிற ஆள் யாரென்று அடையாளம் தெரியுமா? அப்பா தினமும் வள்ளத்திலிருந்து அம்மாவைப் பார்த்தாரா? கேட்க அப்பாவும் இல்லை.

6

இன்று பங்குனி மாதத்துக் கடைசி ஞாயிறு, 1995. இந்த வரியை எழுதும்வரை சமாதானம் இருக்கிறது. ரேடியோ ஒருநாள் நம்பு என்கிறது, ஒருநாள் நம்பாதே என்கிறது. பயண முகவர் ரிக்கற்றை உறுதி செய்யவா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். பிறகு சொல்கிறேன் என்று வைத்திருக்கிறேன். சிம்கோவுக்கென்று நான் வாங்கிய லைஃப் ஜாக்கெற்றை அம்மா ஊருக்குப் போகிற பெட்டியில் மடித்து வைத்திருக்கிறார்.

கோடை மலர் ஒருநாளும் கோடையில் வந்ததில்லை. இது உங்கள் கைக்கு வரும்போது ஆடி போயிருக்கும். ஏன், பல ஆடிகள் போயிருக்கவும் கூடும். சண்டை திரும்பத் தொடங்கியதா, கடலில் ஆட்களை இறங்க விட்டார்களா என்று உங்களுக்குத் தெரியும். எழுதுகிறவனைவிட வாசிக்கிறவருக்குக் முடிவு கூடுதலாகத் தெரிந்திருக்கிற கதை இது. ஆகவே முடிவை உங்களிடமே விடுகிறேன்.

ஒன்றுமட்டும் கேட்கிறேன். தெரிந்தவர்கள் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். இந்தப் பக்கத்தில் இன்னும் பங்குனிதான். அம்மா பக்கத்து அறையில் இருக்கிறார்.

லைஃப் ஜாக்கெற்றைத் திரும்ப வெளியே எடுத்துச் சேலைக்கு மேலே போட்டுப் பார்க்கிறார் போலிருக்கிறது. கொளுக்கி மாட்டுகிற சத்தம் கேட்கிறது, மாட்டுப்படவில்லை.

“தம்பி, வாறியே?”

அறைக்கா, வடக்குக்கா என்று நான் கேட்கவில்லை.

“ஓம் அம்மா, வாறன்.”