என்ஜினில் பேச்சு இல்லை

வேலாயுதத்தின் மணிக்கட்டை டாக்டர் விடவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி எண்ணினார். புஜத்தில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரத்தம் குதிக்குது. அடுத்த புதன்கிழமை வா. அன்னிக்கும் இப்படியே இருந்தா என்ஜின்ல ஏற விடமாட்டேன்."

ரயில் என்ஜினில் ஏற முடியாத பயர்மேனுக்கு 1931இல் என்ன கதி என்று பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் தெரியும். ரப்பர் விலை விழுந்து கிடந்த நேரம். உடம்புக்கு ஆகவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும், கப்பல் டிக்கெட்டைக் கையில் திணித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் வேலாயுதத்துக்குத் தலைசாய்க்க ஒரு குடிசைகூடக் கிடையாது.

மனைவி புஷ்பவல்லி பாகற்காயாக ஆக்கிப் போட்டாள், உப்பை நிறுத்தினாள், சீரகத் தண்ணீர் கொடுத்தாள். ஒன்றுக்கும் படபடப்பு அடங்கவில்லை. எப்படி அடங்கும்? அது மகளின் காதுகுத்தன்று பிடித்த நோய்.

அவன் கரி அள்ளிப் போடும் என்ஜினுக்கு டிரைவர் கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர். ஆறு வருஷமாக இவன் 'அண்ணே' என்பான், அவர் 'தம்பி' என்பார். காதுகுத்துக்கு வந்தவர் வாசலிலேயே நின்று, பிள்ளையின் கையில் வெள்ளிக் கொலுசைக் கொடுத்தார். "வயிறு சரியில்லைத் தம்பி, இன்னொரு நாளைக்குச் சாப்பிடுறன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் எதிர்வீட்டு நல்லம்மாள் வந்து வத்தி வைத்தாள். "ஒங்க டிரைவரு சீனன் கடையில ரொட்டியும் முட்டையும் அமுக்கிக்கிட்டு இருக்காரு. அங்க இல்லாத தீட்டு இங்கதான் இருக்கு போல!"

அன்றோடு என்ஜினில் பேச்சு நின்றது. வளைவில் இடப்பக்கம் நிற்கும் பயர்மேன் கைகாட்டியைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும், டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ரயில்வே சட்டம் அது. இவர்கள் சட்டம் வேறு. கரி அள்ளும் ஷவலால் தரையில் ஒரு தட்டு என்றால் போகலாம், இரண்டு என்றால் நிறுத்து. வீராப்புக்கும் ஒரு அளவு வேண்டாமா?

வீராப்பு வீட்டுக்கும் வந்தது. சோற்றில் கை வைத்தால் வயிறு எரிந்தது, படுத்தால் கண் மூடவில்லை. மகள் கொலுசு குலுங்க ஓடினால் அவனுக்குச் சுருக்கென்றது. "கழட்டுடி அத!" என்று ஒருநாள் தட்டையே விசிறியடித்தான். அதன்பிறகு பிள்ளை அப்பாவைக் கண்டாலே அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்தது. அதைப் பார்க்க அவனுக்கு இன்னும் வயிறு எரிந்தது.

திங்கட்கிழமை போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து சரக்கு வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. கிள்ளான் தாண்டியதும் பேய்மழை. வளைவில் கைகாட்டி இறங்கவில்லை. வேலாயுதம் இரண்டு தட்டு தட்டினான். மழை இரைச்சலில் கந்தையாவின் காதில் விழவில்லை. ஓங்கித் தட்டினான். முன்னால் ஒரு பயணிகள் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஐம்பத்து மூன்று நாள் பூட்டியிருந்த வாய் திறக்க மறுத்தது.

"அண்ணே! நிப்பாட்டுங்க! அண்ணே!"

சக்கரங்கள் கிறீச்சிட்டன. இரண்டு பெட்டி நீளம் மிச்சம் இருக்க வண்டி நின்றது. கந்தையா பிரேக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"நான் பொய் சொன்னனான் தம்பி," என்றார் அவர். "வயித்துக்கு ஒண்டுமில்லை. உங்கட வீட்டில சாப்பிட்டா என்ர மனிசியும் எங்கட ஆக்களும் என்ன சொல்லுவினமெண்டு பயந்திட்டன்."

"ஆறு வருஷமா என் டீயக் குடிக்கிறீங்களே அண்ணே?"

"என்ஜினுக்குள்ள ஆர் பாக்கினம்?"

வேலாயுதத்துக்கு அடிக்கலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு கரியை அள்ளிப் போட்டான்.

அன்று சாயங்காலம், குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்க வேடிக்கை பார்க்க, கந்தையா அவன் வீட்டுக்குள் நுழைந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ரசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். நல்லம்மாள் மூன்று தடவை வாசலைக் கடந்து போனாள். வேலாயுதம் கொலுசை எடுத்து மகளின் காலில் மாட்டிவிட்டான். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் அடித்துப்போட்டாற்போல் தூங்கினான்.

புதன்கிழமை டாக்டர் பட்டையைக் கழற்றியபடி தலையசைத்தார். "இறங்கிப் போச்சே! என்ன மருந்து சாப்பிட்ட?"

"பாகற்காய்ங்க," என்றான் வேலாயுதம். புஷ்பவல்லிக்குச் சேர வேண்டிய பெருமை அவளுக்கே சேரட்டும்.

அடுத்தது கந்தையாவின் முறை. வருஷா வருஷம் டிரைவர்களைச் சோதிக்கும் நாள் அது. டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி எண்ணினார்.

வெளியே வந்த கந்தையா சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்.

"என்னண்ணே ஆச்சு?"

"அடுத்த புதன் திரும்ப வரட்டாம்." குரலைத் தாழ்த்தினார். "என்ர மனிசி நேசம்மா ரெண்டு நாளா என்னோட கதைக்கேல்லை. என்ர சாப்பாட்டுக் கோப்பையையும் வேறயா வச்சிட்டாள்."

'இனிமே எங்க வீட்டுக்கு வராதீங்கண்ணே' என்று சொல்ல வேலாயுதம் வாயெடுத்தான். அதற்குள் அவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இண்டைக்கு உங்கட வீட்டில என்ன கறி?"

"பாகக்காண்ணே," என்றான். சொல்லும்போதே அவன் நெஞ்சு மறுபடியும் படபடவென்று அடித்துக்கொண்டது.