ஓலை வாசிக்க ஒரு சாட்சி

அம்புரோஸ் கெட்டவன் இல்லை. இருந்தாலும் ஆறு மாதமாக அவன் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஞானசுந்தரம் என்பவன் செத்துப்போயிருக்க வேண்டும்.

அந்த ஞானசுந்தரத்தை அவன் கண்ணால் கண்டதில்லை. பிலோமியின் புருஷன் என்ற அளவில்தான் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட கேமரன் மலையில் இந்தத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பிடித்துக்கொண்டு போன பதினோரு பேரில் ஒருவன். நான்கு பேர் திரும்பினார்கள். ஞானசுந்தரத்தை வேறு கேம்ப்புக்கு மாற்றிவிட்டார்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எட்டு வருடம் ஓடிவிட்டது. பிலோமி கழுத்தில் சிலுவைத் தாலியோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

அம்புரோஸ் யுத்தம் முடிந்து இந்தத் தோட்டத்துக்கு வந்தவன். ஃபேக்டரியில் கொழுந்தைச் சுருட்டும் ரோலர் மிஷினில் வேலை. மனைவியை மலேரியாவுக்குக் கொடுத்தவன். பிலோமியைக் கேட்டான். அவள் ஒரு மாதம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். மாதம் ஒருமுறை மலையேறி வந்து பூசை வைக்கும் சாமியாரிடம் இருவரும் போய் நின்றார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று மூன்று பூசையில் ஓலை வாசிக்காமல் கோயிலில் கலியாணம் கிடையாது. சாமியார் அந்த ஓலையை எழுதவே மாட்டேன் என்றார்.

"அவன் செத்ததப் பாத்தவங்க யாராவது சாட்சி சொல்லணும். இல்லேன்னா கைநாட்டு வச்ச காகிதமாவது வேணும். நான் பாட்டுக்கு ஓலை வாசிச்சு, நாளைக்கு அவன் வாசல்ல வந்து நின்னா யாரு பதில் சொல்றது?"

நியாயமான கேள்விதான். அதனால்தான் அம்புரோஸுக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது.

மலைப்பாதையில் இருக்கும் ரிங்லெட்டில் ஹாஜா மைதீன் பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்து ஊரையெல்லாம் முடக்கிப் போட்டது. பாய் கடைக்கு மட்டும் நல்ல காலம். ராணுவ வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் லோரிகள் ஓட வேண்டும் என்பது சட்டம். வரிசை சேரும்வரை டிரைவர்கள் எல்லாரும் பாய் கடையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். மலையிலும் மலைக்குக் கீழேயும் நடப்பது அங்கே தெரிந்துவிடும்.

"சயாம் போயி வந்தவன் யாரு இருந்தாலும் சொல்லுங்கன்னு எல்லா டிரைவர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன் தம்பி," என்றார் பாய். "ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதே லா. நீ தேடுறது ஆளையா, சாவையா?"

"சாவைத்தான் பாய்," என்றான் அம்புரோஸ். அவனுக்குப் பொய் சொல்ல வராது.

ஏழாம் மாதம் தகவல் வந்தது. மலைக்குக் கீழே பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ராமசாமி என்று ஒருவன் இருக்கிறான், சயாமிலிருந்து பிழைத்து வந்தவன், சின்ன வயதிலிருந்தே பால்மரம் வெட்டுகிறவன் என்றார்கள். அம்புரோஸ் லீவு போட்டான். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் சாட்சிக் காகிதத்தை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டான். காலரா என்று எழுதச் சொன்னதும் அவன்தான். ஆசை அந்த அளவுக்கு முற்றியிருந்தது. சோறு கட்டிக்கொண்டு போக முடியாது. செக்போஸ்ட்டில் பிடுங்கி, காட்டுக்குள் இருக்கிறவனுக்கா என்று கேட்பார்கள். பசியோடு போய்ச் சேர்ந்தான்.

ராமசாமி குழாயடியில் பால் வாளி கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இரண்டு பெண் குழந்தைகள் நனைந்துகொண்டிருந்தன.

"அண்ணே, கேமரன் மலையிலேர்ந்து வர்றேன். சயாமுல ஞானசுந்தரம்னு யாரையாவது பாத்தீங்களா?"

வாளி கழுவிய கை நின்றது.

"பாத்தேன். செத்துட்டான். நான்தான் பொதைச்சேன்."

அம்புரோஸுக்கு வந்த சந்தோஷத்தில் அந்த ஆள் எவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னான் என்பது உறைக்கவில்லை. காகிதத்தையும் மைப்பெட்டியையும் எடுத்து நீட்டினான்.

"யாருக்கு இது?"

"அவரு சம்சாரத்துக்கு. அது மறுகலியாணம் கட்டணும்."

"யாரு கட்டுறது?"

"நான்தான்."

ராமசாமி அவனை மேலும் கீழும் பார்த்தான். "தண்ணி போடுவியா?"

"பண்டிகைக்கு."

"கை நீட்டுவியா?"

"இல்லண்ணே."

"குடு."

மையில் இடது கட்டைவிரலைத் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினான். அப்போதுதான் அம்புரோஸ் அந்தக் கையைப் பார்த்தான். கட்டைவிரலுக்கு அடுத்த இரண்டு விரல்களுக்கும் நுனி இல்லை. நகம் போய், சாய்வாக நசுங்கி மூடியிருந்தது. பால் வெட்டும் கத்தி அப்படி வெட்டாது. அம்புரோஸின் வலது கையிலும் அதே மாதிரி, ரோலர் மிஷின் கடித்த விரல் ஒன்று உண்டு. தன் கையை அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"எந்த மிஷினு?" என்றான் அம்புரோஸ்.

"மூணாம் நம்பரு. இன்னும் ஓடுதா?"

"ஓடுது. நான்தான் பாக்குறேன்."

"பெல்ட்டு நழுவும். பாத்துக்க." வாளியைக் கவிழ்த்து வைத்தான். "சயாமுலேர்ந்து வந்தப்போ சாகக் கெடந்தேன். இவங்கம்மா சீதாதான் கஞ்சி ஊத்தி எழுப்புனா. பேரையும் மாத்திக்கிட்டேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மலை ஏறுவேன்? எடுத்துட்டுப் போ லா. ஞானசுந்தரம் செத்தது செத்ததுதான்."

கேட்டது கிடைத்துவிட்டது. தன் சாவுக்குத் தானே கைநாட்டு வைத்த மனிதனின் காகிதம் சட்டைப் பையில் இருந்தது. சாமியார் ஓலை வாசிப்பார், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மலையடிவாரத்துத் தாப்பா வரை அம்புரோஸ் இதையே நினைத்து மகிழ்ந்துகொண்டு வந்தான். வளைவுகளில் லோரி ஏற ஏற அந்த மகிழ்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"என்ன தம்பி, சாவு கெடச்சுதா?" என்று கேட்டார் பாய். அவன் பாதித் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினான்.

பிலோமி கொழுந்தை எடை போட்டுவிட்டு வெறும் கூடையோடு லயத்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். அவன் காகிதத்தைக் கொடுத்தான். அவளுக்குப் படிக்க வராது. கைநாட்டை மட்டும் பார்த்தாள்.

"எப்படிச் செத்தாராம்?"

காலரா என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எட்டு வருடமாக ஒன்றும் தெரியாமலே இருந்த முகம் அது. அதற்கு முன்னால் அந்தப் பொய்யைச் சொல்ல அவனால் முடியவில்லை.

"சாகல," என்றான். "பீடோர்ல இருக்காரு. பொண்டாட்டி இருக்கு, ரெண்டு பிள்ளைங்க. இந்தக் கைநாட்டே அவரோடதுதான்."

அதோடு தன் கலியாணம் போயிற்று என்று அவனுக்குத் தெரியும். பிலோமி கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"வெரல் புண்ணு ஆறிடுச்சா?"

"என்னது?"

"மிஷின்ல மாட்டி மூணாம் நாளு பிடிச்சிட்டுப் போனானுங்க. கட்டுகூட அவுக்கல."

"ஆறிடுச்சு," என்றான். "நல்லா மூடிடுச்சு."

அவள் அப்போதுதான் அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, கழுத்திலிருந்த சிலுவைத் தாலியைக் கழற்றினாள். அதே காகிதத்தில் வைத்து மடித்தாள்.

"இருக்காரோ இல்லையோன்னுதான் இத்தன வருஷம் கழட்டல. இருக்காரு. நல்லா இருக்காரு. இனிமே இது எனக்கு எதுக்கு? அடுத்த லோரியில போயி அவருகிட்ட குடுத்துட்டு வாங்க."

"சாமியாரு ஓலை வாசிக்க மாட்டாரே."

"வாசிக்க வேணாம்."

அவசரகாலத்தில் எந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கிராணி எழுதி ஒவ்வொரு கதவிலும் ஒட்டியிருந்தார். போலீஸ் வந்து தலையை எண்ணிப் பார்க்கும். அடுத்த திங்கட்கிழமை அவர் அம்புரோஸ் வீட்டுக் கதவின் முன்னால் பேனாவோடு நின்றார். அம்புரோஸ் பெயருக்குக் கீழே பிலோமி என்று எழுதினார். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் பேனா தயங்கியது.

"என்ன உறவுன்னு போடுறது?"

அம்புரோஸ் பிலோமியைப் பார்த்தான்.

"சம்சாரம்னு போடுங்க," என்றாள் பிலோமி.